கே.பி. சுந்தராம்பாள் பற்றி நிகழ்ச்சி: எதிலிருந்து தொடங்குறது, பழைய ரெக்கோட்டை எப்படிப் போடுறது?

உவர்மலையான்:
நவராத்திரிக்குத் திருகோணமலையில எங்கட சனசமூக நிலையத்தில கே.பி.எஸ். பற்றி 30 நிமிச நிகழ்ச்சி, பேச்சும் பாட்டும். வாறவைக்கு அவ ‘பழம் நீயப்பா’ பாடின அம்மா, அவ்வளவுதான். எதை எடுக்கிறது, எதை விடுறது? 10 அங்குல அரக்கு ரெக்கோட் ஒண்டும் கிடக்கு. லேபிளில ‘நந்தனார்’. மேல பூஞ்சணம். ஸ்பிரிட்டால துடைக்கலாமோ?

ஊசிமுனை:
ஸ்பிரிட்டைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. தச்சுப் பட்டறையில பொலிஷுக்கு அரக்கைக் கரைக்கிறதே ஸ்பிரிட்டிலதான். ஊசி ஓடுற வரிப்பள்ளம் கரைஞ்சா பாட்டும் போச்சு. பற்றரிக்கு விடுற டிஸ்டில்ட் வாட்டர் 1 லீற்றர், பாத்திரம் கழுவுற லிக்குவிட் 2 துளி. மெல்லிய பிறஷால வரி ஓடுற வாக்கில தேய்ச்சு, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால அலசி, நிழலில நிமிர்த்தி வையுங்கோ. லேபிள் நனையக் கூடாது. வாடைக்காலத்தில கடதாசி உறையே ஈரம் குடிக்கும். பூஞ்சணம் பிடிச்ச பழைய உறைக்குள்ள திருப்பிப் போடாதேங்கோ.

கொட்டகை வாசகி:
அண்ணை, லேபிளில பாடினவரின்ர பெயரைப் பாருங்கோ. கே.பி.எஸ். நந்தனாரா நடிச்ச படம் 1935. ஜெமினியின்ர ‘நந்தனார்’ 1942, அதில தண்டபாணி தேசிகர். போதாததுக்கு, கோபாலகிருஷ்ண பாரதியாரின்ர நந்தனார் பாட்டுகளைப் பாடாத ஆளில்லை.

நிகழ்ச்சியை ‘ஔவையா’ரில (1953) தொடங்கினா அரைவாசி வாழ்க்கை போயிடும். அவ 1908இல கொடுமுடியில பிறந்து, சின்ன வயசிலயே வேலு நாயர் குழுவில மேடையேறினவ. பிறகு புருசனான நாடகப் பாடகர் கிட்டப்பாவோட சோடி சேர்ந்ததும் இலங்கை மேடையில, 1926இல. எங்கட ஊர்ச் சபைக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது? ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வாங்கில் வரைக்கும் கேக்கப் பாடின குரல் அது. பாதி நேரத்தை இதுக்கே குடுங்கோ.

கிட்டப்பா 1933இல காலமானார், வயசு 27. அதுக்குப் பிறகு வெள்ளைக் கதர்ச் சேலைதான். ஆனா அந்தச் சோகத்திலயே நிண்டிடாதேங்கோ, எல்லாரும் அதைத்தான் செய்யினம். ஆணுக்குச் சோடியா நடிக்க மாட்டன் எண்டவ, நந்தனாராவே நடிக்க 1 லட்சம் ரூபாய் வாங்கினா, 1935இல! படம் ஓடேல்லை எண்டதையும் மறைக்க வேண்டாம். 1951இல சட்ட மேலவை உறுப்பினர். படங்கள் ஒரு டசினளவுதான். ‘பூம்புகார்’ (1964) கவுந்தி அடிகளும், ‘திருவிளையாடல்’ (1965) ஔவையும் காட்டினாப் போதும். ‘துணைவ’னுக்குத் தேசிய விருது, 1970இல பத்மஸ்ரீ: ஒரு வசனத்தில முடியுங்கோ.

உவர்மலையான்:
நன்றி தங்கச்சி. பெயர் அவவின்ரதான். எங்களிட்ட இருக்கிறது நிமிசத்துக்கு 33, 45 சுத்து மட்டும் ஓடுற மெசின். அதில போடலாமோ?

ஊசிமுனை:
இப்பிடியே போடாதேங்கோ. உங்கட மெசினில இருக்கிற எல்பி ஊசியின்ர முனை 18 மைக்ரோன், உங்கட அரக்கு ரெக்கோட் மாதிரி 78 சுத்து ரெக்கோட்டுக்கு 75 மைக்ரோன் வேணும். சின்ன ஊசி வரியின்ர அடியில கிடந்து உரசும், கரகரப்புத்தான் மிச்சம். ஊசியை மாத்தி, ஊசி அழுத்துற பாரத்தை அந்த ஊசிக்குச் சொன்ன அளவில, அனேகமா 4 - 5 கிராமில, வைச்சு 45இல ஓட விட்டுக் கணினியில பதியுங்கோ. ஓடாசிட்டி எண்ட ஒலி திருத்துற மென்பொருளில வேகத்தை 1.733 மடங்கு கூட்டினா 78 வரும். அங்கை ‘சேஞ்ச் ஸ்பீட்’ எண்டதைத் தெரியுங்கோ. ‘சேஞ்ச் டெம்போ’ எண்டா வேகம் ஏறும், சுருதி தாழ்விலயே கிடக்கும். பதியேக்க பாஸும் ட்ரெபிளும் ஏறுமாறா வரும், காதால கேட்டுத் திருத்துங்கோ. எல்லாத் தட்டும் சரியா 78இல பதிஞ்சதில்லை. 6 வீதம் பிசகினா அரைச் சுருதி மாறும். ஆர்மோனியத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

கொட்டகை வாசகி:
ஒரு பக்கம் 3 நிமிசச் சொச்சம்தான் ஓடும். மேடையில நீட்டிப் பாடின விருத்தம் அதுக்குள்ள அடங்காது, வெட்டித்தான் பதிஞ்சவை. இதைப் பாட்டுப் போட முதலே சபைக்குச் சொல்லிவிடுங்கோ அண்ணை.