கரண்ட் வைத்த இடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகள், உரசினால் தடிக்கிறது

கெடிலக்கரை (கடலூர்):
அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை), எல்லாம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கரண்ட் வைத்த கட்டத்துக்குள் மட்டும் மிளகு அளவில் பழுப்புப் புள்ளிகள். அந்த எல்லைக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. ரவிக்கை உரசினாலோ வெந்நீர் பட்டாலோ புள்ளி சிவந்து தடித்துக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. மெடிக்கலில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள், பலனில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

லாஸ்பேட்டை நர்ஸ்:
தம்பி, களிம்பை நிறுத்துங்கள். கடையில் கொடுப்பதில் பல ஸ்டீராய்டு கலந்தவை, இருப்பதையும் மறைத்துவிடும். கரண்ட் வைத்த இடத்தில் புதிதாக எது வந்தாலும் ரேடியேஷன் டாக்டர் பார்க்கணும். தோலில் நோய் திரும்புவதும் உண்டு, பயாப்சி (தோலைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் உரசினால் தடிப்பது, அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல் என்ற செல்களின் கோளாறுக்கு அடையாளம். டாரியே குறி என்பார்கள். அந்தச் செல்கள் தோலில் கூடிப்போய், உரசியதும் அரிப்பும் தடிப்பும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டும். கரண்ட் வைத்த இடத்தில் மட்டும் வருவது ரொம்ப அபூர்வம், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்காரர்களிடம் பார்த்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பயாப்சி சீட்டில் 'மாஸ்ட் செல் சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். டொலுயிடின் ப்ளூ, சிடி117 என்று தனியாகச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். வழக்கமான சாயத்தில் நழுவிவிடலாம். ரத்தத்தில் அந்தச் செல்கள் விடும் டிரிப்டேஸ் அளவும் பார்ப்பார்கள். மில்லிக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் உடம்புக்குள்ளும் இருக்கிறதா என்று எலும்பு மஜ்ஜை வரை போவார்கள்.

வில்லியனூரான்:
என் அக்காவுக்கு உடம்பு முழுக்க இந்தத் தொல்லை, கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையில் ஓடுகிறது. வலி மாத்திரையில்தான் கவனம் வேண்டும்: ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் சிலருக்குக் கிளப்பிவிடும். ஸ்கேனுக்கு ஊசி போடுமுன்பும், மயக்க மருந்துக்கு முன்பும் சொல்லிவிடுங்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி தோல் ஓபி என்றால் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள், சீட்டு வரிசை அப்படி.

கெடிலக்கரை:
அம்மா முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக்தான் போடுகிறார்! போட்ட அன்று அரிப்பு கூடுகிறதாம், கேட்டபிறகு சொல்கிறார். அதற்குப் பதில் என்ன கொடுக்கலாம் நர்ஸ் அக்கா?

லாஸ்பேட்டை நர்ஸ்:
அதை இனி தொட வேண்டாம். பாரசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தடிக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்க்காதீர்கள். மூச்சுத்திணறல், தலைசுற்றல், வாந்தி சேர்ந்து வந்தால் ஓபிக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி. போகும்போது எந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் கொடுத்தார்கள் என்ற தாளும் ஃபைலில் இருக்கட்டும்.