பாஸ் விகிதம் (ஓட்டிய டெஸ்ட்களில் தேறியவற்றின் பங்கு) நன்றாக இருக்கிறது, ஆனால் பக் (மென்பொருள் பிழை) வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. டெஸ்டிங் ப்ராசஸை எங்கிருந்து சரிசெய்வது?

புதிய_லீட்
வணக்கம். எங்கள் டீமின் டெஸ்டிங் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. வெப் அப்ளிகேஷன், இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ். டெஸ்ட் பிளான் என்று நீளமான ஆவணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் தேதியையும் வெர்ஷன் எண்ணையும் மட்டும் மாற்றி மெயிலில் அனுப்புகிறோம், யாரும் படிப்பதில்லை. டெஸ்ட் கேஸ் (எதைச் சோதிப்பது, என்ன விளைவு வர வேண்டும் என்று எழுதி வைத்த சோதனை) கூடிக்கொண்டே போகிறது, டெவலப்மென்ட் தாமதமானால் அந்தத் தாமதம் முழுக்க எங்கள் தலையில் விழுகிறது, கடைசியில் ஓட்ட முடிந்ததை மட்டும் ஓட்டிவிட்டு ரிப்போர்ட் அனுப்புகிறோம். வாடிக்கையாளர் சொல்லும் பக் மட்டும் குறையவில்லை. மேலே இருப்பவர்கள் ப்ராசஸை மேம்படுத்தச் சொல்கிறார்கள். ஐஎஸ்ஓ 29119 (மென்பொருள் டெஸ்டிங்குக்கான சர்வதேச ஸ்டாண்டர்ட்), டிஎம்எம்ஐ (டெஸ்டிங் ப்ராசஸ் எவ்வளவு முதிர்ந்தது என்று நிலை நிலையாக அளக்கும் முறை) என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. எதில் கை வைப்பது?

பிழைவேட்டை
ஸ்டாண்டர்டை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கடைசி சில ரிலீஸ்களில் வாடிக்கையாளர் கையில் சிக்கிய பக் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த இடத்தில் நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும்? அதற்கு டெஸ்ட் கேஸே இல்லையா, இருந்தும் நேரமில்லாமல் ஓட்டவில்லையா, ஓட்டியும் டெஸ்ட் சர்வரில் இருந்த டேட்டா வேறு மாதிரி இருந்ததால் தெரியவில்லையா, இல்லை நீங்கள் பிடித்துச் சொன்ன பிறகும் 'அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்' என்று தள்ளி வைத்தார்களா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. டேட்டா சிக்கலாக இருந்தால் இன்னும் நூறு டெஸ்ட் கேஸ் எழுதினாலும் ஒன்றும் மாறாது. தள்ளி வைத்ததுதான் அதிகம் என்றால் டெஸ்டிங்கில் குறையே இல்லை, ரிலீஸ் முடிவு எடுக்கும் முறையில்தான் குறை.

ராத்திரி_ரிலீஸ்
மேலே சொன்னது சரி, ஆனால் பிளானையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் டெஸ்ட் செய்ய முடியாது என்பதால்தான் பிளானே தேவைப்படுகிறது. இந்த ரிலீஸில் எது மாறியிருக்கிறது, அது உடைய எவ்வளவு வாய்ப்பு, உடைந்தால் எவ்வளவு சேதம் என்று டெவலப்பர், புராடக்ட் ஓனர், சப்போர்ட் ஆள் மூவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள் (சப்போர்ட் ஆளைக் கட்டாயம் கூப்பிடுங்கள், வாடிக்கையாளர் எதற்குக் கத்துவார் என்பது அவருக்குத்தான் தெரியும்). வாய்ப்பும் சேதமும் அதிகமுள்ளது முதலில், ஆழமாக. எதை டெஸ்ட் செய்யப் போவதில்லை என்பதையும் எழுதி அவர்களிடமே ஒப்புதல் வாங்குங்கள். எந்த நிலைக்கு வந்தால் நிறுத்தலாம் என்பதை ஓட்ட ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், கடைசி நாள் நெருக்கடியில் அதைப் பேச ஆரம்பித்தால் தேதிதான் ஜெயிக்கும். இதற்கு ஒரு பக்கம் போதும்.

அப்புறம், ஓட்டும்போது பிளானை மாற்றத் தயங்காதீர்கள். பக் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது, பெரும்பாலும் சில மாட்யூல்களில்தான் குவிந்து கிடக்கும். ஒரு மாட்யூலில் முதல் நாளே நிறைய வந்தால் ஆட்களை அங்கே திருப்புங்கள்.

புதிய_லீட்
இருவருக்கும் நன்றி. ஆனால் மேலே இருப்பவர்கள் கேட்பது எண். இதுவரை காட்டி வந்த பாஸ் விகிதம் போதாது என்றால் எதைக் காட்டுவது?

பிழைவேட்டை
நீங்கள் பிடித்த பக்கை, பிடித்ததும் வெளியே போனதும் சேர்ந்த மொத்தத்தால் வகுங்கள். 80 பிடித்து 20 வெளியே போயிருந்தால் 80 சதவீதம். ரிலீஸுக்குப் பிறகு எத்தனை நாள் வரை வருவதைக் கணக்கில் எடுப்பது என்று ஒரே அளவை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது. சின்ன எழுத்துப் பிழையும் பணப் பரிமாற்றம் நின்றுபோவதும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது, தீவிரத்தைப் பிரித்தே காட்டுங்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த எண்ணைத் தனி ஆள் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். யார் எத்தனை பக் போட்டார் என்று எண்ண ஆரம்பித்த நாளிலிருந்து அற்பமான பக் குவியும், கஷ்டமான பக்கைத் தேடி உட்காருகிறவர் பின்தங்கியவராகத் தெரிவார்.

உங்கள் பாஸ் விகிதம் எப்போதும் நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம், பழைய டெஸ்ட் கேஸ்கள் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்து முடித்திருக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்குப் பழகிவிடும் என்று டெஸ்டிங் பற்றி நூல் எழுதிய போரிஸ் பெய்சர் சொன்னது இதைத்தான். ரிக்ரஷனுக்கு (புதிய மாற்றம் பழையதை உடைத்துவிட்டதா என்று பார்ப்பதற்கு) அவை வேண்டும், ஆனால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

வரைபடம்
ஸ்டாண்டர்ட் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். டிஎம்எம்ஐயில் 5 நிலைகள். இரண்டாம் நிலையில் கேட்பது டெஸ்ட் கொள்கை, திட்டமிடல், கண்காணிப்பு, டெஸ்ட் வடிவமைத்து ஓட்டுவது, டெஸ்ட் சூழல், இவ்வளவுதான். நீங்கள் சொன்ன சிக்கல் அத்தனையும் அதற்குள்ளேயே அடங்குகிறது. பக் வராமலே தடுப்பது ஐந்தாம் நிலையில் வருகிறது, ஆனால் பிழைவேட்டை சொன்ன வேலையை அதுவரை தள்ளிப்போட எந்த அவசியமும் இல்லை. சான்றிதழ், வாடிக்கையாளர் கேட்டால் மட்டும். ஐஎஸ்ஓ 29119 முதலில் 2013இல் வந்தது, ஆவணச் சுமை கூடும் என்று அடுத்த ஆண்டே டெஸ்டர்கள் பலர் எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அதன் மூன்றாம் பாகத்தில் உள்ள ஆவண மாதிரிகளை எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அப்படியே நிரப்பினால் உங்களிடம் இப்போது இருக்கும் பிளான் மாதிரியே இன்னொன்று கிடைக்கும்.

புதிய_லீட்
சரி, வெளியே போன பக்கை வகை பிரிப்பதில் ஆரம்பிக்கிறேன். அதை டெஸ்டர்கள் மட்டும் செய்தால் போதுமா?

பிழைவேட்டை
போதாது. அந்த ப்ரோகிராம் கோட் எழுதியவரும் கூட இருக்க வேண்டும், மேனேஜர் இல்லாத கூட்டமாக இருந்தால் உண்மைக் காரணம் சீக்கிரம் வெளியே வரும். ஒரு கூட்டத்தில் ஒரு மாற்றம் மட்டும் முடிவு செய்யுங்கள், அடுத்த ரிலீஸில் அந்த வகை பக் குறைந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.