ஸ்கொட்லாந்து ஸ்மோல்பைப் வாசித்துக்கொண்டே நம்ம மலையகப் பாட்டைப் பாட முடியுமா?

மஸ்கெலியா பாட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கொட்லாந்துப் பாடகி ஒருவர் பாடுகிற வீடியோ பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மடியில் ஒரு சின்ன பேக்பைப் மாதிரி வைத்திருக்கிறார், ஆனால் வாயால் ஊதவில்லை, வலது முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தியைக் கட்டிக்கொண்டு அதை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிறார். வாய் சும்மா இருக்கிறது, அதனால் தானே வாசித்துத் தானே பாடுகிறார். நம்ம பக்கம் ஸ்கூல் பேண்டிலும் பொலிஸ் அணிவகுப்பிலும் கேட்கிற பேக்பைப் காதைப் பிளக்குமே, இது அப்படி இல்லை. ஒரு அறைக்குள் பேசுகிற குரலை மூடாத அளவு சத்தம். தேடிப்பார்த்தேன், ஸ்மோல்பைப்ஸ் என்கிறார்கள்.

நான் தோட்டத்துப் பாட்டுகள் பாடுகிறவள். தாலாட்டு, தெம்மாங்கு, கொழுந்து எடுக்கிற நேரத்தில் பாடுவது, கொஞ்சம் ஒப்பாரி. எல்லாம் அம்மாச்சியிடமும் லயத்து வீடுகளில் இருக்கிற ஆச்சிமாரிடமும் கேட்டுப் படித்தது. மேடையில் பாடும்போது என்ன வாத்தியம் வைப்பது என்று ஒவ்வொரு முறையும் சண்டை. கீபோர்ட் வைத்தால் பாட்டு சினிமா மாதிரி ஆகிவிடுகிறது. தப்பு வைத்தால் தாலாட்டு அமுங்கிப்போகிறது. ஒன்றும் இல்லாமல் பாடினால் எனக்குப் பிடிக்கும், ஆனால் பெரிய மண்டபத்தில் இரண்டாவது பாட்டிலேயே சுருதி மெல்ல இறங்கிவிடுகிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, அந்தக் குழலில் மொத்தம் ஒன்பது சுரம்தானாம். சாதாரண தரம் வரைக்கும் சங்கீதம் படித்த அறிவில் பார்த்தால் என் பாட்டுகள் பாதிக்கு மேல் ஸட்ஜத்துக்குக் கீழே தைவதம், பஞ்சமம் வரைக்கும் இறங்கும். அப்போ இது சரிவருமா? இரண்டாவது, இதைக் கேட்கவே கொஞ்சம் தயக்கம். தொரைமார் நாட்டு வாத்தியத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தொரைமாருக்குக் கீழே முதுகு ஒடிந்தவர்களின் பாட்டைப் பாடுவது சரியா? வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒத்துக்காரர் பேரன்:

தங்கச்சி, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், இரண்டாவதுக்கு என்னைவிடப் பெரியவர்கள் வருவார்கள்.

எங்கள் தாத்தா நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதியவர். ஒரே சுரத்தை மணிக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும், அதனால் இந்த வாத்தியத்தைக் கேட்டவுடனே பிடித்துப்போயிற்று. இதில் மூன்று ஒத்துக்குழல்கள் ஒரே கட்டையில் செருகி நெஞ்சுக்குக் குறுக்கே கிடக்கும். மேற்கத்திய ஏ (A) சுருதியில் செய்த பைப் என்றால் கீழ் ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம். தம்புராவில் மீட்டுகிற அதே சுரங்கள். நமக்கு இது அந்நியமான சத்தமே இல்லை. தமிழ்நாட்டில் சதிர் ஆட்டத்துக்கு வாசித்த சின்னமேளத்தில் முகவீணை என்ற சின்ன ஊதுகுழலோடு துத்தி என்று ஒரு தோல்பை வாத்தியம் சுருதிக்கு இருந்தது. அதுவும் பைக்குள் காற்றை அடைத்து ஒரே சுரத்தை விடுகிற சாமான்தான். பிறகு அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

இனி ஒன்பது சுரம். கீழே ஒரு நிஷாதம், அப்புறம் ஸ ரி க ம ப த நி, மேலே ஒரு ஸட்ஜம். கை வைத்துப் பார்த்தால் அப்படியே ஹரிகாம்போதி ராகம். சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஆக மோகனத்தில் வருகிற தெம்மாங்கு எல்லாம் சிரமமே இல்லாமல் உட்காரும். ஏ என்றால் நம்ம கணக்கில் ஆறு கட்டை சுருதி, பெண் குரலுக்கு நல்ல இடம். உங்களுக்கு ஐந்தரை கட்டைதான் வசதி என்றால் அரைக் கட்டை ஏற்றிப் பாடிப் பழகவேண்டும், ஏனென்றால் இந்த வாத்தியத்தை உங்கள் குரலுக்கு இறக்க முடியாது.

நீங்கள் கேட்ட கீழே இறங்குகிற விஷயம்தான் இதில் முக்கியம், நல்ல கேள்வி. குழலின் ஸட்ஜத்தையே உங்கள் ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் கீழே ஒரு நிஷாதத்தோடு கதை முடிந்தது, செஞ்சுருட்டி சாயலில் வருகிற எந்தப் பாட்டும் நடக்காது. ஆனால் நம்ம ஆட்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: மத்யம சுருதி. குழலின் மத்யமத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது மேற்கத்தியக் கணக்கில் டி (D). பஞ்சம ஒத்துக்குழலின் இழுவையைக் கொஞ்சம் வெளியே இழுத்து மத்யமத்துக்கு இறக்கினால் அதுவே உங்கள் ஸட்ஜம், மற்ற இரண்டு ஒத்தும் தானாகவே உங்களுக்குப் பஞ்சமமாகிவிடும். இப்போ கீழே மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம், மேலே பஞ்சமம் வரைக்கும் கையில் இருக்கிறது. தோட்டத்துப் பாட்டு ஏறி இறங்குகிற எல்லை அநேகமாக இதற்குள் அடங்கிவிடும். ஸ்கொட்லாந்துக்காரர்களும் டி-யில் அமைந்த மெட்டுகளுக்கு அந்த ஒத்தை இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள்.

அடங்காதவையும் உண்டு. இப்படி மாற்றினால் கிடைக்கிற நிஷாதம் காகலி, கைசிகியைவிட அரைச் சுரம் ஏறியது. நீலாம்பரி சாயலில் வருகிற தாலாட்டுக்கு அது அருமையாகப் பொருந்தும், செஞ்சுருட்டிக்குக் கடிக்கும். முகாரி சாயலில் இழுக்கிற ஒப்பாரிக்குச் சாதாரண காந்தாரம் என்கிற தணிந்த காந்தாரம் வேண்டும், அது குழலில் கிடையாது. கூடுதல் சுரத்துக்குச் சாவி வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நான் சொல்வேன், ஒப்பாரியை விட்டுவிடுங்கள். பாட்டை வாத்தியத்துக்காக வளைக்கக் கூடாது. வாத்தியத்துக்கு அடங்குகிற பாட்டுக்கு மட்டும் அதை எடுங்கள்.

இன்னொன்று, இந்தக் குழலின் அடி திறந்தே இருக்கும், அதனால் காற்று இருக்கும்வரை அது சும்மா இராது. எல்லா ஓட்டையையும் மூடினாலும் அந்தக் கீழ்ச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் நீங்கள் பாடும்போது விரல்கள் ஏதோ ஒரு சுரத்தைப் பிடித்தாக வேண்டும். குரலோடு சேர்ந்து மெட்டை அப்படியே வாசிக்கலாம், இல்லாவிட்டால் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் பாடி, அடி முடிந்ததும் குழலை ஓடவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் அழகாகப் படுகிறது. கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

பழைய கூத்துக்காரன்:

பிள்ளை, உங்கள் அப்பா எழுந்துபோனது எனக்கு விளங்குகிறது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர். நானுஓயாப் பக்கம் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினேன். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், அந்தக் காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா? அந்தக் கோபம் நியாயமான கோபம், அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் கோபத்தை வாத்தியத்தின் மேல் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்கொட்லாந்திலேயே மலைப்பக்கத்து ஏழைக் குடியானவர்களை, ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று சொல்லி நிலக்காரர்கள் குடிசையிலிருந்து துரத்திய காலம் ஒன்று இருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அடுத்த நூற்றாண்டிலும் நெடுகத் தொடர்ந்தது. கப்பலேறிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்களும் கூடவே பாட்டைத்தான் கொண்டுபோனார்கள். தொரையும் அந்த நாட்டு ஆள்தான், துரத்தப்பட்டவனும் அந்த நாட்டு ஆள்தான். துருத்தி வைத்த இந்தச் சின்னப் பைப் யுத்தத்துக்கு ஊதியதும் இல்லை, வீட்டுக்குள் வாசித்தது.

எனக்கு இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் உண்டு. காமன்கூத்துக்கு இதைக் கொண்டுவராதீர்கள். மாசியில் காமன் நட்டு, தப்பு முழங்க, ரதியும் மதனும் ஆடுகிற இடத்தில் ஊர் முழுக்கச் சேர்ந்து பாடும், அங்கே இந்த மெல்லிய சத்தத்துக்கு வேலையும் இல்லை, கேட்கவும் கேட்காது. தாலாட்டுக்கும் தனிப்பாட்டுக்கும் வையுங்கள், தாளம் வேண்டுமென்றால் உடுக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது குரலை மூடாது.

மற்றது, வாத்தியம் வாங்குவதற்கு முன்னால் அந்த ஆச்சிமாரின் பாட்டைப் பதிந்து வையுங்கள். வாத்தியம் இல்லாமல், அவர்கள் மூச்சு விடுகிற இடம், அடி மறந்து தடுமாறுகிற இடம் எல்லாம் அப்படியே. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்து எழுதிவைத்ததால்தான் சொற்களாவது நமக்கு மிஞ்சின, மெட்டு காகிதத்தில் வராது. நீங்கள் பைப்போடு பாடிப் பழகிவிட்டால் உங்கள் தொண்டை அந்தச் சுரங்களுக்கே போகும், பழைய மெட்டில் எங்கே கொஞ்சம் தணிந்து நின்றது என்று பிறகு உங்களுக்கே நினைவு வராது. அது வராமல் போனால் கேட்க ஆச்சி இருக்கவேண்டுமே.

அப்கொட் பிள்ளை, இப்போ கிளாஸ்கோ:

அக்கா, நான் இங்கே இந்தப் பைப்தான் படிக்கிறேன்! எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஸ்ட்ராத்ஸ்பே. இங்கே வந்து பார்த்தால் அந்தப் பெயரில் ஒரு நடன மெட்டு வகையே இருக்கிறது, பைப்பில் முதலில் படிப்பவற்றில் அதுவும் ஒன்று. வகுப்பில் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை.

வாசித்துக்கொண்டு பாடுவது பற்றிச் சொல்கிறேன். விரல் வேலை கஷ்டமில்லை, பெரிய பேக்பைப்பின் விரல் முறையேதான். கஷ்டம் கையிலும் மூச்சிலும் இருக்கிறது. வலது கை துருத்தியை நிரப்பி அமுக்கும், இடது கை பையை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கவேண்டும், அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் ஒத்து ஆடிவிடும். இது ஒரு தாளத்தில் ஓடும்போது பாட்டின் மூச்சு வேறு தாளத்தில் ஓடும். ஆரம்பத்தில் உடம்பு இரண்டையும் சேர்த்துவிடப் பார்க்கும், கை விரியும்போதெல்லாம் நீங்களும் மூச்சு எடுப்பீர்கள், சொல்லின் நடுவில் பாட்டு அறுந்துபோகும். துருத்தியின் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டினால் வயிற்றிலிருந்து மூச்சு எடுக்கவே முடியாது, கொஞ்சம் கீழே இறக்கித் தளர்த்திக் கட்டவேண்டும்.

இதற்குப் பைப் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கையால் அமுக்குகிற பழைய சுருதிப்பெட்டி ஒன்று தேடி எடுத்து, போன் ஆப் வேண்டாம், ஒரு கையால் ஆட்டிக்கொண்டே பாடுங்கள். துருத்தி பாட்டுக்கு ஓடட்டும், நீங்கள் உங்கள் மூச்சில் பாடுங்கள். அது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விரலுக்குப் பிராக்டிஸ் சாண்டர் என்று ஒரு சின்னக் குழல் கிடைக்கிறது, விலை குறைவு, வாயால் ஊதுவது, அதனால் அதில் பாட முடியாது, விரல் பழகமட்டும்.

நல்ல பைப் என்றால் ஆயிரம் பவுண்டுக்கு மேல். நம்ம காசில் யோசித்தால் தலை சுற்றும். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் அழகுக்குச் செய்த சாமானை வாங்கிவிடாதீர்கள் அக்கா, அதில் சுருதியே நிற்காது. பழையது விற்பவர்கள் இருக்கிறார்கள், 1983இல் தொடங்கிய லோலண்ட் அண்ட் போர்டர் பைப்பர்ஸ் சொசைட்டி என்று ஒரு சங்கம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். இந்த வாத்தியமே கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்தது, நூதனசாலையில் 1757ஆம் ஆண்டுப் பைப் ஒன்று இருக்கிறது, ஆனால் இப்போ நாம் பார்க்கிற வடிவம் 1980களின் தொடக்கத்தில் கொலின் ரோஸ் என்ற நோர்தம்பர்லாந்துக் கைவினைஞரும் வேறு சிலரும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு வாத்தியம் விட்டுப்போன பிறகும் திரும்ப எடுத்து நிமிர்த்த முடியும் என்பதை இங்கே கண்ணால் பார்க்கிறேன், நம்ம ஊரை நினைத்து ஆசையாக இருக்கிறது.

மஸ்கெலியா ஈரத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். வாயால் ஊதாததால் குழலுக்குள் அதிர்ந்து ஒலிக்கிற சீவாளி நனையாது, அதனால் பெரிய பைப்பைவிடச் சுருதி நிற்கும். ஆனால் மழை மாதத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் தினமும் எடுத்து வாசியுங்கள். பிளாஸ்டிக் சீவாளியும் செயற்கைத் துணிப் பையும் கேட்டு வாங்கலாம்.

மஸ்கெலியா பாட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, பதிவு வேலையை முதலில் தொடங்குகிறேன், எங்கள் டிவிஷனிலேயே பாடக்கூடிய ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காமன்கூத்து பற்றிச் சொன்ன இடத்தில் தலையாட்டினார், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணா, கோயிலிலிருந்து சுருதிப்பெட்டி வாங்கிவந்து மத்யம சுருதியில் வைத்துத் தாலாட்டு ஒன்றைப் பாடிப்பார்த்தேன். நன்றாக உட்காருகிறது. ஆனால் அடியின் கடைசியில் மெட்டு ஸட்ஜத்திலிருந்து கைசிகி நிஷாதத்தைத் தொட்டுக்கொண்டு தைவதத்துக்கு இறங்குகிறது. அந்த இடம்தான் அதன் அழகே. குழலில் அது காகலியாகத்தானே வரும்?

ஒத்துக்காரர் பேரன்:

ஆமாம், அந்த இடத்தில் குழலை வாசிக்காதீர்கள். விரலை உங்கள் ஸட்ஜத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு குரலை மட்டும் கீழே விடுங்கள். தைவதத்தில் வந்து நின்ற பிறகு குழலும் சேர்ந்துகொள்ளட்டும். பதிந்ததை இங்கே போடுங்கள் தங்கச்சி, கேட்டுவிட்டு மற்றப் பாட்டுகளையும் பார்ப்போம்.