வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

ஊரப்பாக்கம்வாசி:
2018-ல் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் 20 வருடக் கடன் வாங்கி வீடு கட்டினேன். இப்போது பாக்கி 28 லட்சம், வட்டி 9.6, மாதத் தவணை 29,400. இவ்வளவு காலம் கட்டியும் இன்னும் 15 வருடம் இருப்பதாக ஸ்டேட்மென்ட் காட்டுகிறது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 8 சதவீதத்துக்குக் கடனை எடுத்துக்கொள்கிறோம், மாடி கட்ட டாப் அப்பும் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) தருகிறோம் என்கிறார்கள். மாமனாரோ, "பத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நோண்டாதீங்க மாப்பிள்ளை" என்கிறார். மாற்றியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முன்னாள் லோன் ஆபீசர்:
சார், முதலில் அந்த 15 வருடக் கதை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. உங்கள் கம்பெனி தவணையைத் தொடாமல் வருடங்களை நீட்டிவிட்டிருக்கும். 2025-ல் ரெப்போ இறங்கியபோது அது உங்களுக்கு ஏன் வரவில்லை? 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக் கடன்களை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு கட்டியே ஆக வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் வைத்ததுதான் ரேட். மாற நினைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் விஷயம் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறது. 8 சதவீதத்தில் அதே 15 வருடம் என்றால் தவணை சுமார் 26,760, மொத்தத்தில் 4.7 லட்சம் மிச்சம். தவணையைக் குறைக்காமல் 29,400-ஐயே கட்டினால் கடன் இரண்டு வருடத்துக்கு மேல் முன்னாலேயே முடியும், மிச்சம் 8 லட்சத்தைத் தாண்டும். ஏஜென்ட் என்ன செய்வார் தெரியுமா? 240 மாதம் என்று எழுதி, "தவணை 23,400தான் சார்" என்பார். அப்படிப் போட்டால் இப்போது இருப்பதைவிட 3 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். வட்டி குறைந்தும் நஷ்டம்! ஃபாரத்தில் எத்தனை மாதம் என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்.

ஃப்ளோட்டிங் கடன் என்பதால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. செலவெல்லாம் புதிய பக்கம்தான்: பிராசஸிங், லீகல், வேல்யுவேஷன், அப்புறம் சார்பதிவாளர் ஆபீசில் எம்.ஓ.டி. (பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு. இதில் முத்திரைத் தீர்வை மட்டும் அரை சதவீதம், உங்களுக்கு 14,000. பதிவுக் கட்டணமும் பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் செலவும் தனி.

மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: கடன் முழுதாக அடைந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், அவர்கள் தரப்புத் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. இருந்தாலும் அங்கே என்னென்ன ஆவணம் இருக்கிறது என்ற பட்டியலை முன்னாடியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தாய்ப்பத்திரம் அதில் இருக்கிறதா பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
டாப் அப் பற்றி ஒரு வார்த்தை. மாடி கட்டினால் அதன் வட்டிக்கும் பழைய வரி முறையில் விலக்குக் கேட்கலாம், இரண்டு லட்ச வரம்புக்குள். கம்பி, சிமென்ட் பில்லையெல்லாம் எடுத்து வையுங்கள். அந்தப் பணத்தில் கார் வாங்கினால் விலக்கு கிடையாது.

ஊரப்பாக்கம்வாசி:
நன்றி. ஃபோர்குளோஷர் லெட்டர் (கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதம்) கேட்டதும் பழைய கம்பெனியிலிருந்து போன். சின்னக் கட்டணம் கட்டினால் 8.3-க்கு இறக்கித் தருகிறார்களாம். இத்தனை நாள் எங்கே போனார்கள்?

முன்னாள் லோன் ஆபீசர்:
கேட்டால்தான் தருவார்கள் சார். 8-க்கும் 8.3-க்கும் தவணையில் மாதம் 490 ரூபாய் வித்தியாசம். மாற்றச் செலவு 40,000 ஆனால் அதை மீட்கவே ஏழு வருடம். டாப் அப்பும் 8.3-க்கே தருகிறார்களா என்று மெயிலில் கேளுங்கள். தந்தால் அங்கேயே இருங்கள். வாய்வார்த்தையாக இழுத்தால் வங்கிக்குப் போங்கள்.

ஊரப்பாக்கம்வாசி:
மெயில் போட்டாச்சு.