‘போட்டித்திறன்’ சரிதானா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

ம., டெட்ராய்ட்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளி மேல்வகுப்பில் வரும் சனிக்கிழமை சொற்போர். தலைப்பு: மருத்துவச் செலவு ஏறுவதால் அமெரிக்கா உலகச் சந்தையில் பின்தங்குகிறதா? வியாழன் இரவுக்குள் கையேட்டை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

2005 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் சொன்ன கணக்கில் தொடங்கியிருக்கிறேன். ஒரு காருக்கு நிறுவனம் தாங்கும் மருத்துவச் செலவு சுமார் 1,500 டாலர். அதில் போகும் இரும்பின் விலையை விட அதிகம். வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், குடும்பத்தார் என்று 11 லட்சம் பேரின் செலவை நிறுவனம் தாங்கியது. ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்ஸர். அங்கே மருத்துவச் செலவை அரசு பார்த்துக்கொள்கிறது. இதனால் எங்கள் ‘காம்பெடிட்டிவ்னஸ்’ குறைகிறது என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன? போட்டித்தன்மை, போட்டித்திறன் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை.

புலவர் இரா., திருச்சி:

அம்மா, ‘தன்மை’ கூடவே கூடாது. போட்டித்தன்மை என்பது முதல் மதிப்பெண்ணுக்கு முட்டி மோதும் பிள்ளையின் குணம். நீங்கள் சொல்ல வருவது எதிரியின் விலைக்கும் தரத்துக்கும் ஈடுகொடுப்பதை. அதையே வைத்துக்கொள்ளுங்கள்: ஈடுகொடுதிறன். வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல வலி மிகாது. ‘ஈடுகொடுத்திறன்’ என்று அச்சில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈடு என்பது ‘இடு’ நீண்டு பெயரானது. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் இப்படித்தான். காப்பீட்டிலும் அதே ஈடு இருக்கிறது பாருங்கள். காப்பீட்டுச் செலவுக்கும் அதனால் தளரும் திறனுக்கும் வேர் ஒன்றாகிவிடுகிறது! நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு வைணவ ஆசிரியர் நம்பிள்ளை சொன்ன உரைக்கும் ‘ஈடு’ என்றே பெயர், முப்பத்தாறாயிரப்படி. மூலத்துக்கு ஒப்பாக நிற்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. என் மனத்துக்கு உகந்த விளக்கம் அதுதான்.

செ., யாழ்ப்பாணம்:

புலவர் ஐயா, எங்கட பக்கம் காப்பீடு இல்லை, காப்புறுதிதான். அந்த வேர்ப்பொருத்தம் எங்கட பிள்ளைகளுக்குப் பிடிபடாது. போட்டித்திறன் எண்டால் பார்த்த உடனே விளங்கும். பதினாறு வயதுப் பிள்ளை மேடையில நிண்டு வாதாட வேணும், இலக்கணக் குறிப்பை நினைச்சுக்கொண்டு நிற்க ஏலாது.

கு., பெங்களூரு:

முதலில் ‘போட்டி’ நம் சொல்தானா? தெலுங்கிலும் போட்டி, இங்கே கன்னடத்தில் பைபோட்டி. ‘போடு’ என்பதிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஐயத்துக்கு இடமில்லாத பழஞ்சொல் இகல் இருக்கிறது. இகல் + திறன் = இகற்றிறன்.

புலவர் இரா.:

தம்பி, புணர்ச்சி சரி, பொருள் சரியில்லை. வள்ளுவர் 86ஆம் அதிகாரம் முழுவதும் இகலைப் பழிக்கிறார். முதல் குறளிலேயே அதை நோய் என்கிறார். மருத்துவச் செலவைப் பற்றிய வாதத்தில், நாட்டுக்கு வேண்டிய வலிமைக்கு நோயின் பெயரையா சூட்டுவது?

ம.:

இகல் வேண்டாம் கு. தம்பி, பிள்ளைகள் ‘இகற்றிறனை’ எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். எனக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில். யாருடைய திறன்? நிறுவனத்துடையதா, நாட்டினுடையதா?

நேற்று என் வீட்டுக்காரரின் டபிள்யூ-2 படிவத்தை, அதாவது நிறுவனம் ஆண்டுதோறும் தரும் சம்பள, வரிக் கணக்கை, எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 12ஆம் கட்டத்தில் ‘டிடி’ என்ற குறியோடு ஒரு தொகை. நிறுவனம் கட்டியதும் நாங்கள் கட்டியதும் சேர்ந்த காப்பீட்டுச் செலவு. வருமான வரி கிடையாது, கைக்கும் வருவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கூலியை உயர்த்த அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆள் பிடிக்க நிறுவனங்கள் காப்பீட்டைக் கொடுத்தன. 1954 வரிச்சட்டம் அந்த வரிவிலக்கை உறுதியாக்கியது. அந்தப் பணம் உண்மையில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்துதான் போகிறது, நிறுவனத்தின் தலையில் விழுவதில்லை என்றார் பொருளியல் அறிஞர் ஊவே ரைன்ஹார்ட். நாடு கம்பெனியைப் போலக் கடையை மூடிவிட்டுப் போகாது, நாடுகளைப் போட்டியாளர்களாகப் பார்ப்பதே தவறு என்று இன்னொரு பொருளியல் அறிஞர் பால் க்ரூக்மன் 1994இல் எழுதினார். எதிரணியின் வாதம் முழுக்க இதுதான். கையேட்டின் தலைப்பிலேயே ‘நாட்டின் போட்டித்திறன்’ என்று போட்டால் நாடும் ஓட்டப்பந்தயத்தில் நிற்கிறது என்று நானே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

செ.:

அக்கா சொல்லுறது நியாயம். ஆனால் ஓய்வு பெற்றவரின் செலவை எவருடைய சம்பளத்தில கழிக்கிறது? ஜெனரல் மோட்டார்ஸில வேலையில இருந்தவையை விட ஓய்வு பெற்றவைதான் கனக்க. 2007இல அந்தப் பொறுப்பைத் தனி அறக்கட்டளைக்கு மாற்றத் தொழிற்சங்கத்தோட உடன்பாடு செய்த காரணமும் அதுதானே. கம்பெனிக்கு அது மெய்யான சுமை. ஆகவே கம்பெனிக்குப் போட்டித்திறன் பொருந்தும். நாட்டுக்கு வேற சொல் வையுங்கோ.

புலவர் இரா.:

ஒரு கருத்துக்கு இரண்டு சொல் வைத்தால் கலைச்சொல் எதற்கு? ஈடுகொடுப்பதற்கு எதிராளி வேண்டியதில்லை. செலவுக்கும் ஈடுகொடுக்கலாம், காலத்துக்கும் ஈடுகொடுக்கலாம். 2023இல் அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17.6 விழுக்காட்டை மருத்துவத்துக்குக் கொடுத்தது. அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு பள்ளிக்கும் சாலைக்கும் பணம் ஒதுக்க முடிகிறதா என்பதும் ஈடுகொடுதிறன்தான். உங்கள் இரு அணிக்கும் இந்த ஒரு சொல் போதும்.

ம.:

இப்போது புதன் நள்ளிரவு. தனிமடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினால் போட்டித்திறனுக்கு ஆறு பேர், ஈடுகொடுதிறனுக்கு இரண்டு பேர். தலைப்பில் போட்டித்திறன் என்றே போகிறது. ‘நாட்டின்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். எதிரணிக்கான பக்கத்தில், புலவர் ஐயா பொறுத்தருள்க, வினைத்தொகையை விரித்து ‘ஈடுகொடுக்கும் திறன்’ என்று எழுதியிருக்கிறேன்.

புலவர் இரா.:

விரித்தால் அது கலைச்சொல் ஆகாது, அம்மா. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.

கு.:

‘போட்டி’யின் வேர் இன்னும் தீரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.