ஸ்ட்ராண்ட் லேன் 'ரோமன் பாத்': உள்ளே போனவர்கள் உண்டா?

லண்டனில் டெம்பிள் ஸ்டேஷன் பக்கம், ஸ்ட்ராண்ட் லேன் என்ற சந்துக்குள் ஊற்றுநீர்க் குளியல்கூடம் ஒன்று இருக்கிறது. பெயர்தான் ரோமன், உண்மையில் 1612ல் சாமர்செட் மாளிகை நீரூற்றுக்காகக் கட்டிய தொட்டி. 1770களில்தான் குளிக்கும் இடமாக மாற்றினார்கள். அம்மாவுக்கு இதைக் காட்டியே ஆக வேண்டும், ஆனால் உள்ளே போக வழி தெரியவில்லை.

சர்ரே தெருப் படிக்கட்டு வழியாக இறங்கப் பார்த்தால் கேட் பூட்டியிருந்தது. அப்புறம் டெம்பிள் பிளேஸ் பக்கமாகச் சுற்றிப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். விளக்கு ஸ்விட்சை அழுத்தினால் எரிகிறது, ஆனால் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்துளி படிந்து செங்கல் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது, தண்ணீர் இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. உள்ளே விட முன்பதிவு வேண்டுமாம். சரி என்று போன வாரமே மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சென்னைக்கு விமானம். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, சும்மா அலைய வைக்க முடியாது.

அண்மையில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி அனுமதி வாங்கினீர்கள்?