மகள் கல்யாணத்தில் பக்கத்து மணை

மதுரையிலிருந்து ஒரு அம்மா:

எங்களுக்கு 2005-ல் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. பரஸ்பர சம்மதம், இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. இப்போதெல்லாம் அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிபதி நினைத்தால் தள்ளுபடி செய்யலாம், 2017-ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. எங்கள் காலத்தில் மனுப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி போய் நின்றோம். கூப்பிடும்வரை வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் என் கைப்பை. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் கடைசி. மகளுக்கு அப்போது ஆறு வயது.

போன வருடம் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம்.

முதல் சிக்கல் பத்திரிகையில் வந்தது. அச்சடிக்கிற இடத்தில் எல்லா மாதிரியிலும் 'தம்பதியரின் மகள்' என்றுதான் இருந்தது. அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னால் கடைக்காரப் பையன் விழித்தான். அப்பா இல்லாதவர்களுக்கு வேறு மாதிரி இருக்கிறது, அம்மா இல்லாதவர்களுக்கு இருக்கிறது, இரண்டு பேரும் இருந்து சேர்ந்து இல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் நானே எழுதிக் கொடுத்தேன். அவர் பெயர் ஒரு வரி, என் பெயர் ஒரு வரி, கீழே 'எங்கள் மகள்'. அது பொய்யில்லையே.

அடுத்தது தாரை வார்ப்பது. என் தம்பியும் அவன் மனைவியும் மணையில் உட்காரட்டும் என்று வீட்டில் எல்லோரும் ஏகமனதாக இருந்தார்கள். பெரியப்பா ஒரு படி மேலே போனார். "மீனாட்சிக்கே அண்ணன்தானே தாரை வார்த்துக் கொடுத்தார்? திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருஷா வருஷம் வந்து நிற்கலையா? உன் தம்பி வார்த்தா குறைஞ்சா போயிடும்?" என்றார். மதுரைக்காரர்களுக்கு இதற்குமேல் என்ன பதில் இருக்கிறது. கம்பத்தடி மண்டபத் தூணில் அந்தச் சிலையைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். சரி, தம்பியே உட்காரட்டும் என்று எனக்கும் பட்டது. நிம்மதியாகக்கூட இருந்தது.

மகள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "மீனாட்சிக்கு அப்பா அப்போ உயிரோட இல்லை, தாத்தா. எனக்கு இருக்கார்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் நியாயமான கோபம்தான், இன்றைக்கும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் மாதா மாதம் இரண்டாவது ஞாயிறு அவர் வந்து மகளைக் கூட்டிப்போனதும், கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கேட்காமலே கட்டியதும் உண்மை. மணமாகாத மகளின் ஜீவனாம்சத்தில் அவள் கல்யாணச் செலவும் அடங்கும் என்று 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்திலேயே இருக்கிறது, வேண்டுமானால் கேட்கலாம் என்று வக்கீல் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். கேட்க வேண்டிய தேவை வரவில்லை. கல்யாணம் முடிவான வாரமே அவர் பங்குப் பணம் மகள் கணக்குக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை, நானும்தான்.

மறுநாள் நானே போன் செய்தேன். மகள் வழியாகத்தான் எல்லாத் தகவலும் போய்வரும் என்பதால் அவர் நம்பரை அவளிடமிருந்துதான் வாங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் மணையில உட்கார்றதுல உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவர். 'உங்களுக்கு' என்றதும் தொண்டை அடைத்தது. வருத்தமா, நிம்மதியா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒரு மரியாதைப்பட்ட ஆளிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். நானும் அப்படியே பேசினேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கறாராகச் சொன்னேன். அவர் மனைவியும் வர வேண்டும், நானே நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைப்பேன் என்று. இதை எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெண் வராமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மேடையில் உட்கார்ந்தால் ஊர் என்ன கதை கட்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அது அவமானம். போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கை நடுங்கியது. அவள் காபி கொண்டு வந்து வைத்து, "அக்கா, நான் மேடைப் பக்கம் வரமாட்டேன், முன்னாடி எங்கயாவது உட்கார்ந்துக்கிறேன்" என்றாள். அவளும் பல நாளாக யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது என்று கேட்கும்போதே தெரிந்தது.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், யாரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம்: மொய். எங்கள் பக்கம் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அவருடைய அண்ணன் தம்பிகள், பங்காளிகள் எழுதுகிற மொய்யை நான் வாங்கி வைத்தால், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் போய்த் திருப்பிச் செய்வது? அவர் என்றால் அவரிடம் கணக்கு இருக்காது. நான் என்றால் எந்த முறையில் போவேன்? அதனால் ஒரே மேசையில் இரண்டு நோட்டு வைத்தோம். அவர் வழி ஒன்று, என் வழி ஒன்று. எழுத உட்கார்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டோம். ஒரு சச்சரவும் வரவில்லை. போட்டோ எடுப்பவரிடமும் இப்படி முன்பே சொல்லியிருக்க வேண்டும், அதை மறந்துவிட்டேன்.

முகூர்த்தத்துக்கு முன்னால் ஐயர் "பொண்ணோட அப்பா அம்மா வாங்க" என்று கூப்பிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேடை ஏறிய பிறகுதான் தோளில் நகைப்பை தொங்குவது நினைவு வந்தது. கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா அந்தப் பையை யாரிடமும் கொடுக்கமாட்டாள், உங்களுக்குத் தெரியும். தாரை வார்க்க இரண்டு கையும் வேண்டும். தம்பி மனைவி பந்தியைப் பார்க்கப் போயிருந்தாள். அம்மா வெகு தூரத்தில். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். குனிந்து அவளிடம் நீட்டினேன். அவள் எழுந்து இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துப் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கைமேல் மகள் கை, அதன்மேல் தேங்காய், வெற்றிலை. அவர் கீழே கை கொடுத்துப் பிடித்திருந்தார். நான் செம்பிலிருந்து தண்ணீரை விட வேண்டும், தாரை அறுபடக் கூடாது. செம்பு கனமாக இருந்தது. என் கை ஆடியது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், "மெதுவா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. தண்ணீர் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. முப்பத்து நான்கு வயதில் பெஞ்சில் பார்த்த கை அது. தாரை அறுபடவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோ எடுப்பவர், "சார், மேடம், இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று குரல் கொடுத்தார். இரண்டு பேரும் அசையவில்லை. மகள் மாலையோடு வந்து நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே இறங்கியதும் பை வந்தது. கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அப்பா:

அம்மா, உங்கள் வீட்டுக்காரராக இருந்தவர் கொடுத்துவைத்தவர். நான் மகன் கல்யாணத்தைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்தவன்.

எனக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருக்கவும் கூடாது. பன்னிரண்டு வருடம் குடித்தேன். வீட்டில் இருந்த பாத்திரம்கூட மிச்சம் வைக்கவில்லை. அவள் என்னை விட்டுப் போனதில் தப்பே கிடையாது. குடியை விட்டு ஏழு வருடமாகிறது, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு போய் மண்டப வாசலில் நிற்க எனக்கு வாய் இல்லை. அவள் தனியாகத் தையல் மிஷின் மிதித்து அவனைப் படிக்க வைத்தாள். அந்த மேடையில் அவள் மட்டும் நிற்பதுதான் சரி.

ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, கோவிலிலிருந்து மண்டபத்துக்குக் கார் வரும் என்று விசாரித்து வைத்திருந்தேன். நாலு மணிக்கே போய் நின்றுவிட்டேன். கடைக்காரர் இரண்டு முறை "இன்னொரு டீ போடவா" என்று கேட்டார். அழகர் வைகைவரை வந்து, தங்கச்சி கல்யாணம் முடிந்தது என்று கேட்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு திரும்பினார் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். சின்ன வயதில் கேட்கும்போது அவர் கோபத்தில் திரும்பினார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு டீக்கடையில் நிற்கும்போது, அவருக்கு வெட்கமாகவும் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

மேளம் முன்னால் போனது. பின்னால் பூ அலங்காரத்தோடு கார். முன் சீட்டில் அவள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன், நேரம் தாண்டிவிட்டது. கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கார் மட்டும் அந்த இடத்தில் நடை வேகத்துக்கு வந்தது. பின் சீட்டில் மகன், பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். நன்றாகப் பார்த்தேன். போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தேன்.

கூட்டத்தால் கார் மெதுவாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து மகன் மருமகளோடு என் அறைக்கு வந்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "அம்மாதான்ப்பா டிரைவர்கிட்ட இங்க மெதுவா போங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஏன்னு அப்ப புரியலை."

பாளையங்கோட்டையிலிருந்து:

பெஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுத வேண்டும்போல இருந்தது. எங்களுடையது சர்ச் கல்யாணம். பெண்ணைக் கைப்பிடித்து ஆல்டர்வரை கூட்டி வருவது அப்பா. என் மகள், "அம்மாதான் என்னைக் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டாள். ஐயரும் சம்மதித்தார், எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம். அவள் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கடக்கும்போது எழுந்து நின்றார். எல்லோரும்தான் நின்றார்கள், இருந்தாலும் எனக்கு அவர் நின்றது மட்டும் தெரிந்தது.

ஆராதனை முடிந்து ரிஜிஸ்டரில் கையெழுத்து. சாட்சிகளில் நாங்களும் உண்டு. 2001-ல் சட்டம் திருத்தும்வரை எங்களுக்குப் பரஸ்பர சம்மத விவாகரத்தே கிடையாது. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லி நிரூபித்தால்தான் உண்டு. அந்தத் திருத்தம் வந்ததால்தான் நாங்கள் சண்டையில்லாமல் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் பிரிய முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் விழுந்தது மகளின் கல்யாண ரிஜிஸ்டரில். பேனாவை மூடி போடாமல் அப்படியே என்னிடம் நீட்டினார். வாங்கிப் போட்டேன். அவ்வளவுதான், பேசவில்லை. பேசத் தோன்றவும் இல்லை.

மதுரை அம்மா:

இரண்டு பேர் எழுதியதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். திண்டுக்கல் ஐயா, மகன் மறுபடி வந்தானா? வந்தால் எழுதுங்கள்.

தலைதீபாவளி எப்படிச் செய்தீர்கள் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். எண்ணெய்க் குளியலும் புதுத்துணியும் என் வீட்டில், சாயங்காலம் அவர் வீட்டில். மாப்பிள்ளைக்கு மோதிரம் நான் போட்டேன், செயின் அவர் போட்டார். ஒரே பொருள் இரண்டு தடவை ஆகிவிடக் கூடாது என்று அவர் மனைவிதான் எனக்குப் போன் செய்து கேட்டாள். இப்போது அவள் நம்பர் என் போனில் இருக்கிறது.

மகளுக்கு இது நாலாவது மாதம். ஏழில் வளைகாப்பு வைக்க வேண்டும். முதல் வளையல் யார் போடுவது, இரண்டாவது யார் என்று என் அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார். "அவளையுமா மணைக்குக் கூப்பிடப் போறே?" என்று நேற்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.